தாத்தாவின் ஏடும் பேத்தியின் எம்.பி.பி.எஸ்.ஸும்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மகள் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். உங்கள் அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் பரம்பரை வைத்தியர், வயது 80ஐத் தாண்டிவிட்டது, வீட்டில் ஒரு கட்டு ஏடும் நாலைந்து நோட்டும் இருக்கின்றன. படித்து முடித்ததும் அவள் இரண்டையும் சேர்த்து வைத்தியம் பார்க்கலாமா, அதற்கென்று படிப்பு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சட்டமும் படிப்பும் பற்றிய கேள்விதான். ஆனால் கடைசியில் "அப்பாவோட இதெல்லாம் முடிஞ்சிருமோன்னு இருக்கு" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சித்த மருத்துவம் படித்தவன் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு 26 வருஷம் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது, பார்க்கிறவர்கள் சொல்வது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லவும் தகுதி கிடையாது. ஆனால் கடைசிப் பத்து வருஷம் என் அறைக்கு அடுத்த அறையில் சித்த மருத்துவப் பிரிவு இருந்தது. ஒரே வேப்பமரத்தடியில்தான் இரண்டு பேருக்கும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். என்னிடம் பிரஷர் மாத்திரை வாங்கியவர் அப்படியே பக்கத்து அறைச் சித்த மருத்துவர் அம்மாவிடம் போய் மூட்டு வலிக்கு ஒரு தைலத்தையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். இரண்டையும் சேர்ப்பது டாக்டர்கள் இனிமேல் தொடங்க வேண்டிய காரியம் என்று நினைக்கிறோம். நோயாளிகள் அதை எப்போதோ தொடங்கிவிட்டார்கள், நாம்தான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிந்தால் உங்கள் மகள் அலோபதி பார்க்கலாம். சித்த மருத்துவராகத் தொழில் செய்ய பி.எஸ்.எம்.எஸ். என்கிற சித்த மருத்துவப் பட்டம் வேண்டும், அது ஐந்தரை வருஷம், அதற்கும் நீட்தான். தாத்தாவிடம் கற்றேன் என்பது பதிவுக்கு ஆகாது. கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், அங்கீகரித்த தகுதி இல்லாமல் வைத்தியத் தொழில் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. மறுபக்கமும் அதே கதைதான். ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்துபோன வழக்கில், படிக்காத முறையில் கை வைத்ததே அலட்சியம் என்று 1996இல் அதே நீதிமன்றம் சொன்னது. உங்கள் அப்பாவின் பெட்டியில் பழைய பதிவுச் சான்றிதழ் ஏதாவது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள், ஒரு காலத்தில் பரம்பரை வைத்தியர்களுக்கும் கொடுத்தார்கள்.

இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் பட்டப்படிப்பு இன்றைக்குக் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. சென்னை மாகாண அரசு 1921இல் நாட்டு வைத்திய முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டது. அதற்குச் செயலாளராக இருந்த சீனிவாசமூர்த்தி மேல்நாட்டு மருத்துவம் படித்த டாக்டர். அந்தக் குழு சொன்னதை வைத்து 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள், அவரே முதல்வர் ஆனார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் உண்டு, கூடவே உடற்கூறும் அறுவை சிகிச்சையும் உண்டு. பிறகு அது கல்லூரியாகி, ஒருங்கிணைந்த மருத்துவம் என்று பெயரும் வாங்கி, கடைசியில் 1960இல் என்ன ஆனது தெரியுமா, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, முழு அலோபதி. நான் புரிந்துகொண்டது, ஒரே ஆளுக்குள் இரண்டையும் அரைத்து ஊற்றினால் சம்பளமும் மரியாதையும் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் ஆள் சாய்வார். அப்புறம் 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியும் அடுத்த வருஷமே ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரியும் வந்தன. இரண்டும் ஒரே ஊருக்குள்தான். நான் படித்த காலத்தில் நாங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை, அவர்கள் இந்தப் பக்கம் வந்ததும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சித்த வைத்தியத்தை மதிக்கத் தொடங்கியது புத்தகத்தாலும் இல்லை, பொதிகை மலை அகத்தியர் கதையாலும் இல்லை. எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒரு பெரியவரால். அவர் ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு நாள் மதியம் பத்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புளியமரத்திலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. உளுந்த மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசி, மேலே துணி, அதற்கு மேலே மூங்கில் தப்பை, நூல் கயிறு. கட்டு பார்க்கக் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் விரல்கள் நீலம் பாரித்துக் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தன. விரலை மெல்ல நிமிர்த்தினால் பையன் அலறுகிறான். கட்டை வெட்டிவிட்டு உடனே ஹைகிரவுண்டுக்கு அனுப்பினேன், அங்கே சதையைக் கீறி இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். கை தப்பியது, சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் மடங்கினாற்போல நின்றுவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் நேராக அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து தப்பை சீவிக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "டாக்டரய்யா, மறுநாளு காலைல கொண்டாங்கன்னு சொல்லித்தான் விட்டேன், கொண்டு வரலைல்லா. வீக்கம் ஏறும்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். அது பாதி நியாயம்தான். மறுநாள் வரை காத்திருந்தால் தசை செத்துவிடலாம், சில மணி நேரம் போதும், அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் அவருடைய கட்டைவிரல் நகத்தையே அமுக்கிக் காட்டினேன்: அமுக்கினால் வெளுக்கும், விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும், சிவக்கவில்லையென்றாலோ விரலை நிமிர்த்தும்போது வலி உயிர் போகிறது என்றாலோ அந்த நிமிஷமே கட்டை அவிழ்த்துவிட்டு எங்களிடம் அனுப்புங்கள். அவ்வளவுதான் நான் சொன்னது. அதற்குப் பிறகு அவர் கட்டுப் போட்டு அனுப்புகிற ஒவ்வொரு வீட்டிலும் தாயிடம் நகத்தை அமுக்கிக் காட்டி அனுப்ப ஆரம்பித்தார். எலும்பு வெளியே தெரிந்தால், மூட்டிலேயே முறிவு என்றால், குழந்தைக்கு முழங்கை என்றால், தொடாமலே எங்களிடம் அனுப்பினார். "இது என் கைக்கு ஆவாது, ஹைகிரவுண்டுக்குப் போ" என்று அவர் சொன்னால் ஜனங்கள் போனார்கள். அதே வார்த்தையை நான் சொன்னால் நேரே இன்னொரு கட்டு வைத்தியரைத் தேடிப் போவார்கள். பதிலுக்கு நானும் அவரிடம் ஒன்று கற்றேன். மாவுக்கட்டு பிரித்த கையை நாங்கள் "ஆட்டுங்க, சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அவர் ஒரு மாசம் தைலம் போட்டு நீவி, தினம் எவ்வளவு மடக்கலாம் என்று கூடவே உட்கார்ந்து பார்ப்பார். தைலத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, தினமும் ஒரு ஆள் தொட்டுப் பார்க்கிறார் என்பதில்தான் குணம் பாதி என்பது என் எண்ணம். அதை நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் ஒன்றும் இல்லை.

மூலிகை பக்கம் வந்தால், உறுதியாகச் சொல்லக்கூடியதும் இருக்கிறது, சந்தேகமானதும் இருக்கிறது. ஆடாதொடை உறுதியான பக்கம். மருந்துக்கடையில் சளிக்கு வாங்குகிற புரோம்ஹெக்சின், ஆடாதொடையிலிருக்கும் வாசிசின் என்கிற பொருளை வைத்துத்தான் உருவானது. அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், அதனால் மாசமாக இருக்கிறவளுக்கு ஆடாதொடை கூடாது. மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை என்று யாராவது சொன்னால் உங்கள் மகள் இந்த ஒன்றைச் சொல்லட்டும், வேலை செய்கிற மருந்து எதுவானாலும் வேண்டாத வேலையும் செய்யும்.

கீழாநெல்லி கொஞ்சம் சிக்கலானது. நம் பக்கம் ஊருக்கு ஒரு காமாலை வைத்தியர் உண்டு. வெறும் வயிற்றில் மோரில் அரைத்துக் கலக்கிக் கொடுப்பவர், மூக்கில் சொட்டு விடுபவர், கையில் சூடு போடுபவர், எத்தனை வகை! நம் ஊரில் வருகிற காமாலையில் நிறைய ஹெபடைடிஸ் ஏ, தண்ணீரால் வருவது, சில வாரங்களில் தானாகவே போய்விடும். அதற்குள் யார் என்ன கொடுத்தாலும் அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். அதற்காகக் கீழாநெல்லியில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சென்னையில் ஒரு குழு ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்ததில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்று மருந்து வாங்கியவர்களில் 4 சதவீதம்தான் என்று 1988இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அப்படி வரவில்லை. செடி வேறு இனமா, பறித்த இடமும் காலமும் வேறா, முதல் ஆய்வே சின்னது என்பதாலா, விவாதம் இன்னும் தீரவில்லை. நான் நோயாளிகளிடம் சொன்னது இதுதான்: கீழாநெல்லி சாப்பிடணும்னா சாப்பிடுங்க, ஆனா முதல்ல ரத்தம் கொடுத்துட்டு, வயித்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துட்டு. மஞ்சள் என்பது அறிகுறி, நோய் இல்லை. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், கணையத்தில் கட்டி இருந்தாலும் ஆகும், எலிக் காய்ச்சலிலும் ஆகும். மூன்று மாசம் பத்தியம் இருந்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்த கணையப் புற்றுநோய்க்காரர் ஒருவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பாம்புக்கடியில் இந்தச் சமரசம்கூட வேண்டாம். வேப்பிலையைத் தின்னக் கொடுத்துக் கசக்கிறதா என்று பார்ப்பார்கள், கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று கணக்கு. நாங்களும் ஒரு சோதனைதான் செய்கிறோம்: புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைத்துப் பார்ப்பது, உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரிப் பாம்பின் விஷம். விஷமுறிவு மருந்து இருக்கும்போது வேப்பிலைக்கு நேரம் கொடுக்க முடியாது. கடித்த பாம்பில் பலது விஷமில்லாதது, விஷப் பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமலே கடிக்கும், அதனால் கடி வைத்தியரிடம் பிழைத்தவர்கள் எண்ணிக்கை எப்போதும் அதிகமாகத்தான் தெரியும். ஆனால் பாருங்கள், பழங்குடி அறிவும் ஆங்கில மருத்துவமும் உண்மையாகவே கைகோத்த இடமும் இதுதான். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் செங்கல்பட்டுப் பக்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் தடம் பார்த்துப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். அந்த விஷத்தை வைத்துத்தான் முறிவு மருந்து செய்கிறார்கள், அம்பாசமுத்திரத்தில் நான் ஏற்றிய குப்பி மருந்துக்கு மூலம் பெரும்பாலும் அவர்கள் கை.

அடுத்தது பாஷாணச் சரக்குகள், அதாவது நச்சுத் தாதுக்கள் சேரும் மருந்துகள். உங்கள் அப்பா ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது), தாளகம் (ஆர்சனிக் உள்ளது) சேர்த்து மருந்து முடிப்பவரா என்று எழுதவில்லை. முடிப்பவர் என்றால் உங்கள் மகள் அந்தப் பக்கம் தானாகக் கை வைக்கக் கூடாது. முறையாகச் சுத்தி செய்து (நச்சு நீக்கி) புடம் போட்டால் (மூடிவைத்து நெருப்பில் சுட்டால்) அது வேறு பொருளாகிவிடுகிறது என்று சித்த மருத்துவர்கள் சொல்வதில் ஒரு பகுதி வேதியியலோடு ஒத்துப்போகிறது, பாதரசம் கந்தகத்தோடு சேர்ந்த நிலையில் உடம்பில் குறைவாகத்தான் சேரும். ஆனால் முறை தப்பினால் சிறுநீரகம் போவதும் உண்மை, சிறுநீரக மருத்துவர் யாரைக் கேட்டாலும் இரண்டு பேர் கதை சொல்வார். பெயர்க் குழப்பமும் ஒன்று இருக்கிறது. சித்தத்தில் நாகம் என்றால் துத்தநாகம், ஆயுர்வேதத்தில் அதே நாகம் ஈயம். ஒரே பெயரை வைத்துக்கொண்டு புத்தகம் மாற்றிப் படித்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் மகள் எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றாலும் செய்யக்கூடியது. சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு அம்மாவை விடிகாலையில் மயக்கத்தில் கொண்டுவந்தார்கள், உடம்பெல்லாம் வேர்வை, சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்து "காப்பி இருக்காய்யா" என்றாள். விசாரித்தால், சர்க்கரையைக் குறைக்க நான் கொடுத்த கிளிமிபிரைடு மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியும் மூன்று வேளை, அதற்குப் பத்தியம் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் குறைத்திருக்கிறாள். பொடியா, பட்டினியா, மாத்திரையா, மூன்றும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏம்மா சொல்லலை என்றதற்கு, "சார் ஏசுவீகன்னுதான்" என்றாள். அவள் சொன்னது சரி, நான் ஏசத்தான் ஏசியிருப்பேன். அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன். நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். "வைத்தியர் என்ன கொடுத்தாக, எல்லாத்தையும் மஞ்சப்பைல போட்டுக் கொண்டாங்க, சேர்த்துப் பார்ப்போம்" என்றால் கொண்டுவந்தார்கள். பக்கத்து அறை அம்மாவும் நானும் அந்தப் பையை மேஜையில் கொட்டி, எதை நிறுத்தலாம் எதைக் குறைக்கலாம் என்று பேசுவோம். பல நாள் சண்டையும் வரும். அவர் நிறுத்தச் சொன்னதில் பாதி என் மாத்திரைகள், அதில் சிலது எனக்கு முன்னால் யாரோ எழுதி அப்படியே தொடர்ந்துகொண்டிருந்த வலி மாத்திரைகள், அவர் சொன்னதுதான் சரி.

ஏட்டுக்கும் நோட்டுக்கும் வருகிறேன். ஏட்டை முதலில் படம் எடுங்கள், எண்ணெய் எதுவும் தடவிப் பார்க்க வேண்டாம், ஏடு தெரிந்தவர் வந்து பார்க்கட்டும். ஆனால் ஏட்டைவிட அவசரம் உங்கள் அப்பா. ஏட்டில் பாதி பரிபாஷை, அதாவது மறைத்துச் சொல்லும் சொற்கள், அவர் வாய் திறந்தால்தான் எந்தச் சொல் எந்தச் சரக்கு என்று தெரியும். விடுமுறைக்கு வரும்போது மகள் அவரோடு நடந்து போய் ஒவ்வொரு செடியையும் அவர் கையால் பறிக்க வைத்து, இலை, பூ, காயோடு அழுத்திக் காயவைத்து, பாளையங்கோட்டையில் தாவரவியல் துறை உள்ள கல்லூரியில் காட்டி அறிவியல் பெயர் வாங்கட்டும். இது அவசியம், ஏனென்றால் சீந்தில் என்று இரண்டு கொடி விற்கிறது. ஒன்றின் தண்டில் புடைப்புப் புடைப்பாகப் பரு இருக்கும், அது வேறு இனம், ஈரலைக் கெடுத்ததாகப் பதிவுகள் உள்ளன. அப்பா எதைப் பறிக்கிறார் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளவையும் எழுதிக்கொள்ளட்டும்: வராகனெடை 4.2 கிராம், குன்றிமணி எடை 130 மில்லிகிராம் என்று புத்தகக் கணக்கு, ஆனால் அவர் "ரெண்டு விரல்ல வர்றது" என்பார், அந்த இரண்டு விரல் அளவைத் தராசில் பத்துத் தடவை போட்டுப் பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

எழுதியதை உடனே முகநூலில் போட்டுவிட வேண்டாம். நம் பாபநாசம் மலையின் மறுபக்கம், அதே அகத்திய மலையில் கேரளத்துக் காணிப் பழங்குடி மக்கள் களைப்புத் தீரத் தின்ற ஆரோக்கியப்பச்சைக் காயை வைத்து விஞ்ஞானிகள் ஜீவனி என்று மருந்து செய்தார்கள். 1995இல் அதை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தபோது உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்காகப் பிறகு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகத்துக்கே முன்மாதிரி என்றார்கள். ஆனால் சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர், அறிவு எல்லாருக்கும் சொந்தம், சொன்னது சரியா என்று அவர்களுக்குள்ளேயே மனத்தாங்கலும் வந்தது. உங்கள் அப்பா யாரிடம் கற்றார், காரையாறு, சேர்வலாறு காணிகளிடமிருந்து வந்தது ஏதும் அதில் உண்டா என்பதையும் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

மருந்துச் செய்முறையைக் கேட்பதற்கு முன்னால் அவள் தாத்தாவிடம் வேறொன்று கேட்கட்டும்: இத்தனை வருஷத்தில் யார் யாரைத் தொடாமல் திருப்பி அனுப்பினீர்கள், எதைப் பார்த்து அனுப்பினீர்கள்? அந்தக் கட்டு வைத்தியரிடம் நான் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அவர் சொன்னதில் முக்கால்வாசி எங்கள் புத்தகத்தில் அபாய அறிகுறி என்று இருப்பவை, ஒன்றிரண்டு எங்கள் புத்தகத்தில் இல்லாதவை. உங்கள் அப்பா முதலில் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்பார். காப்பி குடித்துவிட்டுத் திண்ணையில் சாயும் நேரமாகப் பார்த்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள், போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும்.